காக்கிச் சட்டைத் தூண்டில்காரர்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அப்போது அது கதை என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டு, "பிள்ளைங்களுக்கு யாரு கத்துக்குடுத்தது?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. பிறகு வந்தது. வந்தபோது ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கின ஆள். வெறும் ஆளாக இருந்தால் நம்ப மாட்டார்களே என்று அவருக்கு ஒரு காக்கிச் சட்டையும் போட்டுவிட்டேன்.

நம்பினார்கள். நம்பியதோடு நிற்கவில்லை. தேடிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவரைக் கண்டும் பிடித்துவிட்டார்கள்.

உலகத்தில் இல்லாத ஒருவரை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அதைத்தான் இந்த நோட்டில் இரண்டாவது தடவையாகச் சொல்லப் பார்க்கிறேன். இந்தத் தடவை, கதை என்று சொல்லிவிட்டே சொல்கிறேன்.

இதைப் படிக்கப்போகிறவர் ஒரே ஒருவர்தான். யார் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

2

முதல் ஆரம்பம்:

"1944ஆம் வருஷம் தை மாதம் ஒரு முற்பகலில் மதராஸ் ரயில் மணவூரில் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தோளில் நீண்ட மூங்கில் கழியோடு இறங்கினார். பரசுராமன் என்பது அவர் பெயர். பர்மா யுத்தத்தில் அவர்"

(நிறுத்திவிட்டேன். பர்மாவில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பர்மாவைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தேசப்படத்தில் பார்த்ததோடு சரி. அந்த இடத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அதுவுமில்லாமல், இந்த மனிதரை இன்னொரு தடவை ரயிலிலிருந்து இறக்கினால், அதே பொய்யை நல்ல கையெழுத்தில் எழுதினவள் ஆவேன். அவரை ரயிலிலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டேன். அரக்கோணம் போய்ச் சேர்ந்திருப்பார்.)

இரண்டாவது ஆரம்பம்:

"நான்தான்"

(அதற்குமேல் பென்சில் நகரவில்லை. விடை தெரிந்த கேள்விக்கும் வகுப்பில் எழுந்து நிற்காதவள் நான். எழுத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.)

மூன்றாவது ஆரம்பத்தில் பத்மா வருகிறாள். பத்மா நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் 'பத்மா செய்தாள்' என்று எழுதினால் பென்சில் ஓடுகிறது. அவள் செய்ததைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. பிடிக்காவிட்டால் திட்டவும் முடிகிறது.

3

பத்மாவுக்குப் பதினாலு வயது. திருத்தணியில் மலையடிவாரத்திலிருந்து சற்றுத் தள்ளி நெசவுக்காரர்கள் தெருவில் அவள் வீடு. பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பின் வீட்டுப் படியைத் தாண்டியது விசேஷ நாட்களில் மட்டும்தான். அந்த வருஷம் தறியும் நின்றது. யுத்தத்தினால் நூல் வரத்து இல்லை. வருகிற கொஞ்சத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டும். அவளுடைய நைனா கோதண்டமும் அம்மா கௌரியம்மாளும் காலையில் வரிசைக்குப் போனால் உச்சி சாய்ந்துதான் திரும்புவார்கள். பல நாள் வெறுங்கையோடு.

(நைனாவின் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எழுதலாம் போலிருக்கிறது.)

தறி ஓடாத தெருவில் பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்ற வேண்டாம், நீளவாக்குப் பாவு நூலை நீட்டும்போது முனை பிடிக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு குச்சியை முறித்துக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார்கள். அது விளையாட்டு மட்டும் இல்லை. பல வீடுகளில் அப்போது ஒரு வேளைக் கூழ்தான்.

ஒருநாள் அப்படிப் போய்விட்டுப் பத்மாவின் வீட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தார்கள். அவள் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"இன்னாடா, ஒண்ணும் மாட்டலியா?"

"மாட்டிச்சிக்கா. இம்மாம் பெருசு. கோல் நடுவால ஒடிஞ்சி பூடுச்சி" என்றான் கிருஷ்ணன். அவனுக்குப் பதினொரு வயது.

"இம்மாம் பெருசுன்றது மீனா, பொய்யா?" என்றாள் கமலா. எதிர்வீட்டு ஜெகநாதனின் மகள். எட்டு வயது. அந்தக் கூட்டத்தில் மிகச் சின்னவள். வாய் மட்டும் எல்லாருக்கும் மூத்தது.

பத்மா ஒடிந்த குச்சியை வாங்கிப் பார்த்தாள். அடி முதல் நுனி வரை ஒரே தடிமன்.

"நுனி வளையணும்டா. மீன் இஸ்தா கோலும் அது கூட கொஞ்ச தூரம் போவணும்."

"நீ மீன் புடிச்சிருக்கியாக்கா?"

"இல்ல."

"பின்ன எப்புடித் தெரியும்?"

"பாவ ரொம்ப முறுக்கா இஸ்துக் கட்னா அறுவுது இல்ல? அத்த மாதிரிதான்."

மறுநாளிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். நைனாவின் தறிக்கு வாங்கிப் போட்ட மூங்கிலில் மிச்சத் துண்டுகள் மூலையில் கிடந்தன. கைப்பிடிக்குத் தடித்த துண்டு, நுனிக்கு மெலிந்தது. இரண்டின் முனையையும் சாய்வாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்று படிய வைத்து, நூலால் நெருக்கிச் சுற்ற வேண்டும். நூலின் முனை வெளியே தெரியக் கூடாது. சுற்றுக்கு அடியிலேயே இழுத்துப் புதைக்க வேண்டும். தறியில் குச்சி உடைந்தால் நாங்கள் ஒட்டுப்போடுகிற முறைதான். தூண்டிலுக்கு அதைக் கொண்டுபோனது பத்மாவின் யோசனை.

பத்மா ஒரு கோலுக்குச் சுற்றிக் காட்டினாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் மற்ற ஐந்தையும் சுற்றினார்கள். கிருஷ்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, நீ இன்னா எல்லாத்தையும் உல்டாவா சுத்துற?"

"எனக்கு எடது கை. நீ ஒயுங்கா உன் கையால சுத்து."

"நீ சுத்துற மாதிரிதான் எங்களுக்கும் வருது."

ஆறு கோல்களிலும் நூல் இடம்சுற்றாகவே ஏறியது.*

* இந்த இடத்தைப் படிக்கிறவர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொள்வார்.

4

தூண்டில் நூலில் நடந்த கோமாளித்தனத்தைச் சொல்லாமல் விட்டால் பத்மா பெரிய கெட்டிக்காரி போலத் தெரிவாள்.

நூல் எங்கே கிடைக்கும்? தறியில் அறுந்து விழுந்த துண்டுகளை அவள் ஒரு கலயத்தில் சேர்த்துவைத்திருந்தாள். விரல் நீளம், சாண் நீளம். அவற்றை முடிச்சுப் போட்டு, நாலு இழையாக முறுக்கினாள். ஒரு தூண்டிலுக்கான நூலில் நூற்றுக்குக் குறையாமல் முடிச்சு இருக்கும். நூல் பஞ்சுபோல நலிந்திருந்ததால், நெசவுக்காரப் பெண்ணுக்கு என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. வடித்த கஞ்சியை எடுத்து நூலுக்கு நன்றாகக் கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்தினாள். நூல் கம்பி மாதிரி நின்றது. பிள்ளைகள் கூத்தாடிக்கொண்டு போனார்கள்.

பகலுக்குத் திரும்பி வந்தபோது கமலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மீனுங்கள்லாம் வந்துச்சிக்கா. புழுவ ஒண்ணுகூட தொடல. நூல வரிசையா நின்னு துன்னுட்டுப் போச்சி."

"நூலயா?"

"கஞ்சி ஊத்தினா துன்னாதா பின்ன? நாளைக்கு ஊறுகாயும் குடுத்து அனுப்பு."

பத்மா அவ்வளவு சிரித்தது அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான். பிறகு கஞ்சிக்குப் பதில் தேன்மெழுகு தேய்த்தாள். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. காவடிகளிலிருந்து உதிர்ந்த இறகுகள் எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் பொறுக்கலாம். தண்டை விரல் நீளம் நறுக்கி நூலில் கட்டினால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும்; மீன் தொட்டால் தலையாட்டும். குண்டூசியை வளைத்தது முள்.

மூன்றாம் வாரம் கமலா ஒரு கெண்டையை ஆமணக்கு இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை நீளம் இருக்கும். அன்று கிருத்திகை, வீட்டுக்குள் மீன் வரக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று இலையை விரித்துக் காட்டினாள். பத்மா வேலிச் சந்தில் கையை விட்டு, ஒரே ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

(இந்தப் பத்தியை மூன்று தடவை திருத்தினேன். அந்த மீன் எப்படி இருந்தது என்பது எந்தத் திருத்தத்திலும் வரவில்லை.)

5

பத்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பசித்த பிள்ளைகளுக்கு உதவி செய்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். "அவளுடைய கருணை நிறைந்த" என்று தொடங்கி, 'நிறைந்த' என்பதிலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவளுக்குக் கருணை இருந்ததா என்று தெரியாது. ஆறு பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் பார்க்க முடியாத ஏரியை அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்தக் கருவேல மரம் மூழ்கியிருக்கிறது, நாரை எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு மறுநாளைக்கு உத்தரவு போட்டாள். அவள் தூண்டில் போட்டதே அந்தப் பிள்ளைகளைக் கொண்டுதான்.

உத்தரவுகளில் ஒன்று இது: "கோல் போனா போவுது. முள் போனா வேற வளைச்சிக்கலாம். நூல மட்டும் அறுக்காதீங்க. இன்னோரு நூலுக்கு என்னாண்ட துண்டு இல்ல."

எங்கள் தெருவில் அதைச் சொல்லவே தேவையில்லை. நூலை அறுக்காதே என்பது எங்கள் வீடுகளில் குழந்தை முதலில் வாங்குகிற அதட்டல். சிக்கினால் பிரிக்க வேண்டும், அறுந்தால் முடிய வேண்டும். பல்லால் கடித்து இழுத்தால் அடி விழும். அப்படிப்பட்ட பிள்ளையிடம், நூலே கிடைக்காத வருஷத்தில், பத்மா அதை இன்னொரு தடவை சொன்னாள்.

6

மாசி மாதம் நடு. கமலாவின் முள் மூழ்கிக் கிடந்த கருவேலங்கிளையில் சிக்கிக்கொண்டது. மற்றவர்கள் கரையில் தள்ளி இருந்தார்கள். இனி வருவது அவளே பிறகு சொன்னது.

வேறு தெருப் பிள்ளையாக இருந்தால் வெடுக்கென்று இழுத்திருக்கும். நூல் அறுந்திருக்கும். பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும்.

கமலா கோலைக் கரையில் வைத்து நூலை அவிழ்த்தாள். இடுப்பில் செருகியிருந்த தார்க்குச்சியை எடுத்தாள். நூல் சிக்காகாமல் அதில் சுற்றிக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால். முழங்கால். சுற்றுவதை நிறுத்தவில்லை. இடுப்பு. கை மேலே, குச்சி மேலே. பிறகு பள்ளம்.

(அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத வந்தேன். பத்மா அங்கே இல்லை. பத்மா வீட்டுக் கொல்லையில் ஏழாவது கோலுக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள். இல்லாத இடத்தை எழுத மாட்டேன்.)

கமலா சாகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைவைத்துப் படிக்கிறவரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. யாரோ தூக்கிவந்து கரையில் போட்டார்கள், பெண்கள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் தெருவுக்குச் செய்தி வந்தது. தண்ணீரைக் கக்கினாள், நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள். தூக்கி வந்தபோதும் கையில் தார்க்குச்சி இருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை.

அன்று பிற்பகல் தெருப் பெரியவர்கள் பத்மாவின் வீட்டில் கூடினார்கள். ஆறு கோல்களும் கூடத்தில் கிடந்தன. பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். ஒருவரும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோதண்டம் ஒரு கோலைக் கையில் எடுத்து, நூல் சுற்றியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊட்டுக் கொல்லையாண்டதான் கும்பலா ஒக்காந்துகினு இருந்துச்சாமே" என்றார் ஜெகநாதன். "யாரு கத்துக்குடுத்தது? பாப்பா, நீ பாத்தியா?"

எல்லாரும் பத்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பெரியவளான பெண், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கு அனுப்பினாள் என்றால்! அத்தை வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி அனுப்பியிருந்த சமயம்.

"ஒரு ஆளு வருவாரு" என்றாள் பத்மா. தன் குரலைத் தானே கேட்டாள். "மணவூர் பக்கத்து ஆளுன்னாங்க. வேலியாண்ட நின்னு சொல்லிக்குடுப்பாரு."

"எப்புடி இருப்பான்?"

"காக்கிச் சட்ட போட்டிருப்பாரு."

ஸ்டேஷன் பக்கம் பட்டாளத்து ரயில் போகும்போது சின்ன வயதில் பார்த்த காக்கி. வேறு எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "அந்தப் பொண்ண ஏரியிலருந்து தூக்கினு வந்தானே, அவன் போட்டுகினு இருந்தது காக்கிதானே?"

7

வேடியப்பன் என்பது அவர் பெயர். கே.ஜி.கண்டிகைப் பக்கம் குடிசை. கூடையும் முறமும் பின்னி விற்கிறவர். எங்கள் தெருத் தறிகளுக்கு மூங்கில் குச்சி கொடுப்பவரும் அவர்தான். மூங்கிலை ஊறப்போட ஏரிக்கு வந்தவர், தண்ணீருக்கு மேலே ஒரு சின்னக் கையும் தார்க்குச்சியும் தெரிவதைப் பார்த்துக் குதித்தார்.

அதற்குப் பின் எல்லாம் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தியது. கோல் மூங்கில். மூங்கில் அவருடையது. சட்டை காக்கி. ஏரியில் இருந்தார். பிள்ளைகளை ஆசைகாட்டி ஏரிக்கு இழுத்தவன், பிள்ளை பிடிக்கிறவனாகக்கூட இருக்கலாம் என்றார்கள். நான் எழுதின எந்தக் கதையும் இவ்வளவு சரியாகப் பொருந்தியதில்லை.

தெருமுனையில் கடை பரப்பியிருந்த அவரிடம் போனார்கள். முதலில் படி இறங்கினவர் கோதண்டம். முதல் கூடையை உதைத்தவரும் அவர்தான் என்று கிருஷ்ணன் பிறகு சொன்னான். முறங்களை மிதித்தார்கள். "பாப்பாவத் தூக்கினு வந்தது நானுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இனி நெசவுத் தெருக்களில் கால் வைக்கக் கூடாது, அவரிடம் ஒரு குச்சியும் யாரும் வாங்கக் கூடாது என்று முடிவானது. ஐந்து கோல்களைக் கௌரியம்மாள் அடுப்பில் வைத்தாள். ஆறாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாத வேளை, வேலியோரம் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் மூன்று முறம்.

"யம்மா, பெரியவங்க இல்லியா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சி. உன்னாண்டதான் கேக்கணும். நான் கெங்கம்மா. கூடைக்காரர் ஊட்டுக்காரி." அவள் முறங்களைக் கீழே வைத்தாள். "எம்புருசன் தூண்டிலத் தொட்டதே இல்லம்மா. மீன் வாசன பட்டாலே சோத்தத் தள்ளிட்டு எய்ந்து பூடுவாரு. அந்த சட்டகூட சந்தையில நான் வாங்கினதுதான். பனிக்கு ஆவட்டும்னு."

பத்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத் திட்ட வரல கண்ணு. நீ பாத்தது இன்னோரு காக்கிச் சட்டக்காரன். அது எனக்குத் தெரியும். அவன் யாரு, எப்புடி இருப்பான்னு மட்டும் சொல்லு. நாங்களே தேடிக்கிறோம். மணவூர் டேசனாண்ட போயி மூணு நாளு கேட்டுகினு வந்துட்டாரு. தூண்டில் கத்துக்குடுக்கிற ஆள ஒருத்தரும் பாக்கலன்றாங்க."

"தெரியாதுங்க" என்றாள் பத்மா.

"மூஞ்சாவது?"

"தெரியாதுங்க."

கெங்கம்மாள் முறங்களை எடுத்துக்கொண்டாள். போகும்போது, "அந்தப் பொண்ணு எப்புடி கீது? நல்லாத் துன்னுதா?" என்று கேட்டாள்.

(பத்மாவை இந்த இடத்தில் பேசவைக்கலாம். எழுதுகிறவள் நான்தானே. 'நில்லுங்க' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். போட்டேன். அழித்தேன். காகிதம் அங்கே தேய்ந்து ஓட்டையாகிவிட்டது; பார்த்தால் தெரியும்.)

8

கமலாவிடம் பேசலாம் என்று பத்மா நினைத்தாள். வைகாசியில் அவள் பழையபடி வேலியோரம் வரத் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, அந்த காக்கிச் சட்டக்காரரு எனக்கு வெல்லம் குடுத்தாரு இல்ல?"

"எப்போடி?"

"கோல் கட்டச் சொல்லிக்குடுத்தப்போ."

"உனக்குக் கோல் கட்டக் கத்துக்குடுத்தது நான்டி கமலா."

கமலா யோசித்தாள். தலையைச் சாய்த்து நிஜமாகவே யோசித்தாள்.

"ஆங்" என்றாள். "நீயும்தான்."

கிருஷ்ணனைக் கேட்டதற்கு, அவருடைய மீசை நரைத்திருக்கும் என்றான். இன்னொருத்தி அவர் தெலுங்கு பேசுவார் என்றாள். நான் ஒரு சட்டை மட்டும்தான் கொடுத்தேன். மீசையும் வெல்லமும் பாஷையும் அவர்களாகக் கொடுத்துவிட்டார்கள். இப்போது இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் அவரைப் பார்க்காதவள்.

ஆறு பேருக்கும் கோல் கட்டத் தெரியும். கட்டக் கற்றுக்கொடுத்தவளை ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு வசதியாக இருக்கிறது. இதைவிட அவமானமாக எதுவும் இந்த நோட்டில் இல்லை.

9

நாளை ஆடிக் கிருத்திகை. தெருவே மலைக்குப் போகும். பத்மாவையும் அழைத்துப் போகிறார்கள். மலைப்பாதை தொடங்குமிடத்தில், புளியமரத்தடியில், வேடியப்பன் கூடை பரப்பியிருப்பார். அது நெசவுத் தெரு இல்லை, அங்கே யாரும் தடுக்க முடியாது. போன மாதக் கிருத்திகைக்கு எங்கள் தெரு அந்த இடத்தைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது என்று அம்மா சொன்னாள்.

ஆகவே முடிவு நாளைக்குள் வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மரத்தடியில் கமலா ஓடிப்போய், "இவருதான் என்னத் தூக்கினு வந்தாரு, கத்துக்குடுத்தது பத்மாக்கா" என்று கூவுகிறாள். (எட்டு வயதுப் பிள்ளையை என் நூலுக்காக ஒருதடவை தண்ணீரில் இறக்கியாயிற்று. மறுபடியும் மாட்டேன்.)

இரண்டு. அரக்கோணத்திலிருந்து பரசுராமன் திரும்பி வருகிறார். காக்கிச் சட்டையோடு, நரைத்த மீசையோடு, மடியில் வெல்லத்தோடு. "நான்தான் கத்துக்குடுத்தேன்" என்கிறார். எல்லாருக்கும் நிம்மதி. (எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. அதனால்தான் அடித்தேன்.)

மூன்று. வேடியப்பன் பத்மாவைப் பார்த்து, "அறியாத பொண்ணு, விடும்மா" என்று சிரிக்கிறார். (அவர் மன்னிப்பதை நான் எழுதிக்கொள்ள முடியாது. அது அவருடையது.)

10

நான்காவது முடிவுக்கு வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இல்லை. அது யாரிடம் இருக்கிறது என்று போன வாரம் தெரிந்தது.

ஆடிக்குக் கொஞ்சம் நூல் கிடைத்தது. தறியைத் துடைக்கச் சொன்னார்கள். மேல் விட்டத்தில் ஒட்டடை அடித்தபோது, விட்டத்துக்கும் ஓலைக்கும் நடுவில் சாண் நீளத்துக்கு ஒரு மூங்கில் துண்டு. அடுப்புக்குப் போகாத ஆறாவது கோல், கமலாவுடையது. முழுசாக இல்லை. அடியையும் நுனியையும் அரிந்துவிட்டு, ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். இடம்சுற்றாக ஏறிய நூல்.

துணியைத் தடவிப் பார்த்தே எந்த வீட்டில் யார் தார் சுற்றியது என்று சொல்லக்கூடிய ஒருவர் இந்தத் தெருவில் இருக்கிறார். என்னுடைய தாரை மட்டும் தனியாக வைத்து, "இது எடதுகைக்காரம்மா வேல" என்று சிரிப்பார். இந்த நோட்டு அவருக்குத்தான்.

நைனா.

பேசத் தெரியாததால் எழுதுகிறேன். நோட்டு எழுதுவதை உங்களிடம் மறைத்திருந்தேன். இனி மறைக்க முடியாது. கோலைத் தடவிக்கொண்டே நீங்கள் கூடத்தில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. படி இறங்குவதற்கு முன்பே உங்கள் விரலுக்குத் தெரிந்துவிட்டதா? அல்லது கூடைகளை உதைத்துவிட்டு வந்த பிறகா? கதையில் நான் எழுத முடியாமல் விட்ட இடம் இதுதான். முன்பே தெரிந்து போனீர்கள் என்றால், எனக்காகப் போனீர்கள். அப்போது அந்த உதை என்னுடையது. பிறகுதான் தெரிந்தது என்றால், மாசியிலிருந்து ஆடி வரை அந்தத் துண்டுக்குக் கீழே உட்கார்ந்து தறியை வெறித்துக்கொண்டிருந்தீர்கள். எது என்று நான் கற்பனை செய்ய மாட்டேன். நான் கற்பனை செய்த ஓர் ஆளே போதும்.

என் பங்கு முடிவை மட்டும் எழுதிவிடுகிறேன். அது சின்னது.

"மறுநாள் மலைக்குப் போகிற வழியில், புளியமரத்தடிக்கு வந்ததும் பத்மா நின்றாள். அம்மா இழுத்தாள். பத்மா நகரவில்லை. 'கத்துக்குடுத்தது நான்தாங்க' என்றாள்."

இரண்டாவது ஆரம்பத்தில் நின்றுபோன சொல் அதுதான். வாக்கியம் இப்போதுதான் முடிந்தது. நாளைக்கு வாயால் வர வேண்டும். குரல் சின்னதாகத்தான் வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டால் போதும்.

அதற்கு அடுத்த வரி உங்களுடையது. நீங்கள் என்னை அடிக்கலாம். எல்லாரோடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படி ஏறலாம். அல்லது வேறு ஏதாவது செய்யலாம். அது என்ன என்று நான் எழுதினால் அது மறுபடியும் என் கதை ஆகிவிடும்.

தறிக்குழியில், நீங்கள் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இந்த நோட்டை வைக்கிறேன். மூங்கில் துண்டு இந்தப் பக்கத்துக்குள் இருக்கிறது. பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன். இதற்குக் கீழே ஒரு வரி மட்டும் தொடங்கி விட்டிருக்கிறேன்.

"கோதண்டம் அந்த மரத்தடியில்